இரண்டு தட்டு வைக்கும் தீவு

கல்யாண மண்டபம் பார்த்து வருவதற்கென்று எங்கள் குடும்பத்தில் ஒரு ஆள் உண்டு. அது நான்தான். திருநெல்வேலி டவுனில் அண்ணன் நடத்தும் பலசரக்குக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நாலு பேர் நடுவில் பேச வராது. ஆனால் ஒரு மண்டபத்துக்குள் என்னை விட்டால், கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். அடுப்பங்கரையில் புகை போக வழி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன். கக்கூஸ்களை எண்ணுவேன், தாழ்ப்பாள்களை இழுத்துப் பார்ப்பேன். நான் சரி என்று சொன்ன மண்டபத்தில் இதுவரை யாரும் குறை கண்டதில்லை.

அதனால்தான், அண்ணன் மகள் கோமதிக்கு நிச்சயமாகி, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை "தேனிலவுக்கு மாலத்தீவு போகணும்" என்று சொன்னதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நீ ஒருக்கா போயி ஓட்டலைப் பாத்துட்டு வந்திரு. கண்ணால பாக்காத இடத்துக்குப் பிள்ளைய எப்படி அனுப்ப?"

தூத்துக்குடியிலிருந்து தோணியில் மாலத்தீவுக்கு வெங்காயமும் மசாலாச் சாமான்களும் போகும். அதில் எங்கள் கடைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அங்கே சரக்கு எடுக்கும் வியாபாரி ஒருவர் தங்க ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தார். எப்போதோ கொழும்புக்குப் போவதற்கென்று எடுத்து, போகாமலே பெட்டியில் கிடந்த என் பாஸ்போர்ட்டுக்கும் ஒரு வேலை வந்தது.

புறப்படுகிற அன்று காலையில் வேட்டிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். கோமதி வந்து கதவோரம் நின்றாள்.

"சித்தப்பா, அவிய வீட்டுல பதினாலு பேரு. பெங்களூருக்குக் குடி போகும்போதும் அத்தை கூடவே வந்து இருக்கப் போறாவளாம். எனக்குன்னு இருக்கது அந்த ஒரு வாரம்தான். ரெண்டு பேரு மட்டும் இருக்க மாதிரி இடமாப் பாத்துட்டு வாங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"வேற யார்ட்டயும் இதை வாயைத் தொறந்து கேக்க முடியாது. உங்கள்ட்டன்னா சொல்லலாம்."

அதற்கும் தலையை ஆட்டினேன்.

முதல் நாள் விமான நிலையத்திலேயே மானம் போயிற்று. சிவகாமி, என் மனைவி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருந்தாள். சுங்க அதிகாரி திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, "இது என்ன?" என்றார். நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அடுத்த பொட்டலத்தை எடுத்து, "இதையும் நெற்றியிலா?" என்று கேட்டுக்கொண்டே மோந்து பார்த்தார். அது இட்லிப் பொடி. ஆறேழு தும்மல் போட்டுவிட்டு, கையசைத்து என்னைப் போகச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

விமான நிலையமே தனியாக ஒரு தீவு. வாசலைத் தாண்டினால் கடல். நம் ஜங்ஷனில் டவுன் பஸ் நிற்பதுபோல் படகுகள் நிற்கின்றன. எனக்கான படகில் மூன்று வெள்ளைக்கார ஜோடிகளும் நானும். பாதிக் கடலில் என்ஜின் இருமிவிட்டு நின்றுபோனது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. மூன்று ஜோடிகளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். படகுக்காரர் என்ஜினுக்குள் கையை விட்டுக்கொண்டே என்னைப் பார்த்து உடைந்த இங்கிலீஷில், "உங்கள் சம்சாரம் அடுத்த படகிலா?" என்று கேட்டார். நான் கடலைப் பார்த்தேன். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அவர் மறந்துபோனார்.

தீவு என்றால் ஒரு பெரிய குளத்தின் அளவுதான். சுற்றி நடந்தால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். நடுவில் தென்னை, ஓரத்தில் ஓலை வேய்ந்த தனித்தனி அறைகள், அவற்றின் வாசலிலேயே கடல். கதவைத் திறந்ததும் திடுக்கிட்டுப் போனேன். கட்டில் முழுவதும் செம்பருத்திப் பூ. மேசையில் இரண்டு இளநீர். வியாபாரி ஓட்டலுக்கு எழுதிய கடிதத்தில் "தேனிலவு அறை" என்று போட்டிருக்கிறார். பார்க்க வருகிற ஆள் யார் என்று போடவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் கடலோரமாக இருவர் அமரும் மேசையில் உட்கார வைத்தார்கள். எதிரெதிரே இரண்டு தட்டு. பரிமாறுகிறவன் எதிர் நாற்காலியைக் காட்டி, "அம்மா வரவில்லையா?" என்று கேட்டான். அண்ணன் மகளுக்காக ஓட்டல் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்த ஒரே வார்த்தை வாயில் வந்தது. "கமிங்" என்றேன்.

அவன் சந்தோஷமாகப் போய்விட்டான். நான் மாட்டிக்கொண்டேன்.

அன்று மூன்று முறை எனக்குக் காப்பி வந்தது. மூன்று முறையும் இரண்டு கோப்பை. மறுநாள் காலைப் பலகாரத்துக்கும் எதிரே தட்டு வைத்து, துணியை மடித்து, பக்கத்தில் ஒரு பூ. யாரும் வராத நாற்காலியைப் பார்த்துக்கொண்டு ரொட்டியும் வாழைப்பழமும் தின்றேன். மற்றதெல்லாம் மீன். நாங்கள் சைவக் குடும்பம். மாசிக் கருவாடு விற்கிற தெருவில்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள். பரிமாறுகிறவனின் முகம் வேளைக்கு வேளை மாறியது. முதலில் சிரிப்பு, பிறகு குழப்பம், பிறகு இரக்கம். அவர்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பெண்டாட்டி விட்டுவிட்டுப் போன மனுஷன் என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. கேட்காமலே எனக்கு ஒரு பழத்தட்டு கூடுதலாக வந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் சமையல்கட்டிலிருந்து ஒருவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒல்லியான ஆள். என் நெற்றியையும் வேட்டியையும் பார்த்தார்.

"அண்ணாச்சிக்குத் திருநவேலியா?"

எனக்கு உயிர் வந்தது. "டவுனு" என்றேன்.

"நமக்கு வள்ளியூருக்குப் பக்கம். ஞானராஜு. இங்கன சமையல்ல இருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "மதினி எப்பம் வாராவ? பயலுவ ரெண்டு நாளா எங்கிட்டக் கேட்டு நச்சரிக்கானுவ. உம்ம நெனச்சு ஒருத்தன் அழுதே போட்டான் வே."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அதாவது என் மனைவிக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு உள்ளே போய், தனியாக ஒரு புதுச் சட்டியில் சோறு வைத்து, பருப்புச் சாம்பாரும் தேங்காய்த் துவையலும் அரைத்துக்கொண்டு வந்தார். நாக்குக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

"பிள்ளைய தைரியமா அனுப்புங்க அண்ணாச்சி. ஒரு வாரத்துக்கும் சைவமா நான் ஆக்கிப் போடுதேன். தனிப் பாத்திரம். மீன் பட்ட கரண்டி அங்கன வராது."

"சாப்பாடு சரி. ஆனா இங்கன உள்ளவங்க உடுத்திருக்கது..." என்று இழுத்தேன். கடலோரத்தில் எங்கள் எதிரே வயதான ஒரு வெள்ளைக்காரர், சின்ன உடுப்போடு குப்புறப் படுத்திருந்த தன் மனைவியின் முதுகில் பைய எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கண் போகாமலிருக்க நான் துவையலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம ஆத்துல, குறுக்குத்துறையில பொம்பளையாளு குளிக்கலியா? பாவாடைய நெஞ்சுல கட்டிக்கிட்டு, எண்ணெய் தேச்சு, மஞ்சப் பூசி? நீரு அடுத்த படித்துறையில கோமணத்தோட நிக்கலியா? யாராவது யாரையாவது பாக்காவளா? அவனவன் சோலி அவனவனுக்கு. அதேதான் வே இங்கனயும்."

நான் இன்னொரு கரண்டித் துவையல் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் கையில் கேமராவைக் கொடுத்து, "எல்லாத்தையும் படம் புடிச்சுட்டு வா" என்று சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் எடுத்தேன். சமையல்கட்டு, தண்ணீர்த் தொட்டி, குளியலறை, கதவுத் தாழ்ப்பாள் இரண்டு கோணத்தில். கடலை எடுக்கவில்லை. எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் யாராவது நனைந்த உடுப்போடு நின்றார்கள். ரோலில் கடைசியாக இருந்த படத்தையும் தாழ்ப்பாளுக்கே செலவழித்தேன்.

தண்ணீரையும் குடித்துப் பார்த்தேன். மெஷின் வைத்து உப்பை நீக்கிய கடல் தண்ணீர். நம் ஆற்றுத் தண்ணீரில் இருக்கிற இனிப்பும் இல்லை, உயிரும் இல்லை. மண்டபமாக இருந்தால் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் வெயில் ஏறுவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. கரையில் யாரும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினேன். முழங்கால் அளவுதான். தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. கால் நகம் தெரிந்தது. விரல் நீளத்தில் நீல மீன்கள் வந்து காலை மோந்து பார்த்துவிட்டுப் போயின. வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போனேன். இடுப்பளவு. பிறகு அப்படியே உட்கார்ந்தேன். கழுத்துவரை தண்ணீர். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் தாண்டிவிட்டது. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் கடைக்குப் போய்விட்டேன். சிவகாமியோடு வெளியே போனது என்றால் குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும்தான், அதுவும் வேன் நிறைய ஆட்களோடு. அருவியில் அவள் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம். மத்தியானச் சாப்பாட்டில் பார்த்துக்கொள்வோம். அவளும் எனக்கு ஒரு கரண்டி, அடுத்தவருக்கு ஒரு கரண்டி என்று பரிமாறிக்கொண்டே போய்விடுவாள். அவள் இப்போது பக்கத்தில் இருந்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் வாழ்ந்தும் தெரியவில்லை.

அப்போதுதான் வெட்கம் வந்து பிடித்தது. அந்த இடம் தப்பான இடம் என்பதால் இல்லை. எனக்கு அது பிடித்துவிட்டது என்பதால்தான். பேரன் எடுக்கிற வயதில் ஒரு மனுஷன் வேட்டி மிதக்கக் கடலில் உட்கார்ந்து பெண்டாட்டியை நினைத்துக்கொண்டிருக்கிறான். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று எழுந்து அறைக்கு ஓடினேன். போகும்போது அந்த வயதான ஜோடி எதிரே வந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து, "தண்ணீர் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டார். கேட்காததுபோல் போனேன்.

நாலாம் நாள் தலைநகரத் தீவில் வியாபாரி தனக்குத் தெரிந்த ஒரு லாட்ஜைக் காட்டினார். பவளக்கல் சுவர், மூன்று கட்டில் போட்ட அறை, சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். திருச்செந்தூரில் குடும்பத்தோடு தங்குகிற லாட்ஜ்போலவே இருந்தது. ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொள்ளலாம். தாழ்ப்பாள் நன்றாக விழுந்தது. அங்கே எனக்கு மூச்சு சீராக வந்தது.

ஊர் திரும்பிய அன்று வீட்டில் கூட்டம். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் அம்பாசமுத்திரத்திலிருந்து, கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டுகளோடு வந்திருந்தார்கள். அண்ணன் கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என்னலே, அந்தத் தீவு எப்படி?"

சொல்ல வாயைத் திறந்தேன். செம்பருத்திப் பூப் போட்ட கட்டில் கண்ணில் வந்தது. எண்ணெய் தேய்த்த கை வந்தது. சம்பந்தியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீவெல்லாம் சரிப்படாது அண்ணே. ஒரே மீன் வாடை. சைவத்துக்கு வழியே இல்ல. டவுனுக்குள்ள ஒரு லாட்ஜு இருக்கு, மூணு கட்டில், ஸ்டவ்வும் வச்சுக்கிடலாம்."

சொல்லி முடித்தபோது ஞானராஜின் துவையல் நாக்கில் கரித்தது.

"மூணு கட்டிலா?" என்றார் சம்பந்தியம்மா. "அப்ப நானும் அவியளும் கூடப் போயிட்டு வந்திரலாமே. பிள்ளையளுக்கு ஆக்கிப் போட ஆளாச்சு."

"அதுக்கென்ன, தாராளமா" என்றார் அண்ணன்.

கோமதி காப்பித் தம்ளர்களோடு வந்து நின்றாள். எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. படங்கள் கழுவி வந்தன. வீட்டில் எல்லாரும் தாழ்ப்பாளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

சிவகாமியிடம் மட்டும் ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். சாம்பாரையும் இரண்டு தட்டையும் சொன்னேன். கடலில் இறங்கியதைச் சொல்லவில்லை. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஏன் இப்படிச் செஞ்சிய? எனக்குத்தான் வாய்க்கல. அவளுக்காவது வாய்ச்சிருக்கும்லா" என்றாள்.

நான் ஊர் திரும்பிய ஒன்பதாம் நாள் பத்திரிகை வைக்க அம்பாசமுத்திரம் போனோம். அண்ணன், மதினி, சிவகாமி, நான். தாம்பாளத்தை வாங்கி வைத்ததும் சம்பந்தியம்மா பயண ஏற்பாட்டை ஆரம்பித்தார். பருப்புப் பொடி எவ்வளவு, எள்ளுப் பொடி எவ்வளவு, ஸ்டவ் யார் எடுத்து வருவது. மூத்த மகளும் பேரனும் வருகிறார்களாம். ஆறு பேர் ஆகிவிட்டது.

"தம்பி, அங்கன துணி காயப் போட மாடி உண்டா?" என்று என்னிடம் கேட்டார்.

சிவகாமி என்னைப் பார்த்தாள். பேச எனக்கு எந்தத் தைரியமும் வரவில்லை. ஆனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"நான் பொய் சொன்னேன்" என்றேன் சம்பந்தியம்மாவிடம்.

அண்ணன், "என்னது?" என்றார்.

"தீவுல சைவம் உண்டு. நம்ம வள்ளியூர் ஆளு ஒருத்தர் ஆக்கிப் போட்டாரு. எடம் சுத்தமா இருக்கு. எனக்கு அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அங்கன ரெண்டு தட்டுதான் வைப்பாவ. நான் ஒத்தையாப் போயி ஒரு தட்டு சும்மா கெடந்துச்சு, பாத்தவனெல்லாம் பாவப்பட்டான். ஒண்ணு கொறஞ்சாலே அப்படின்னா, நாலு கூடினா எங்கன வைப்பாவ? பிள்ளையள் ரெண்டு பேரும் போயிட்டு வரட்டும்."

அவ்வளவு நீளமாக ஒரு சபையில் நான் பேசியதே இல்லை. காது இரண்டும் சுட்டது.

சம்பந்தியம்மா அண்ணனைப் பார்த்தார். "நல்லாருக்கு அண்ணாச்சி, உங்க தம்பி பேச்சு. ஓட்டலைப் பாக்கப் போனவரு, எங்கள வரக்கூடாதுங்காரு. இதை அவர் சொல்லுதாரா, பொண்ணு சொல்லச் சொன்னாளா?"

"பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அது இரண்டாவது பொய். அதைச் சொன்னதற்கு எனக்கு வெட்கமில்லை.

மாப்பிள்ளையின் அப்பா, "சரி, விடு. ரெண்டு பேருமே போகட்டும்" என்று முடித்தார். வெற்றிலை போடக்கூட யாரும் சொல்லவில்லை.

திரும்பி வரும் காரில் அண்ணன், "எலே, சபையில என் தலையக் குனிய வச்சுட்டியே" என்றார். பிறகு கல்யாணம் முடியும்வரை என்னோடு பேசவில்லை. அது போகட்டும். மணவறையில் சம்பந்தியம்மா, "வா தாயி, எங்கள வேண்டாம்னு சொன்ன மகராசி" என்று கோமதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. ஊர் திரும்பிய அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அது ஒரு ஓட்டல் விஷயம். ஒன்பது நாள் கழித்துச் சொன்னதால் சம்பந்தி விஷயம் ஆகிவிட்டது. அதை அந்த வீட்டில் இருந்து சுமக்கப் போகிறவள் நான் இல்லை, அவள். கோமதி கண்ணில் படாமல் பந்தி பக்கமே நின்று சமாளித்தேன்.

அவர்கள் புறப்படுகிற அன்று முற்பகலில், வழியனுப்பப் போகாமல் கடைக்கு உள்ளே மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். வாசலில் கார் வந்து நின்றது. கோமதி மட்டும் இறங்கி உள்ளே வந்தாள்.

"போயிட்டு வாரோம் சித்தப்பா."

"கவனமாப் போயிட்டு வா" என்றேன். அவள் போகவில்லை.

"அங்கன எப்படி இருக்கும்? இப்பமாவது சொல்லுங்க."

கல்லாவுக்கு முன்னால் சரக்கு வாங்க ஆட்கள் நின்றார்கள். நான் மல்லி மூட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"கெழக்கு ஓரத்துல கடைசி அறையாக் கேளு. அந்தப் பக்கம் நடமாட்டம் கெடையாது. ஞானராஜுன்னு கேட்டா சமையல்காரர் வருவாரு, என் பேரைச் சொல்லு, சிரிப்பாரு. யாரும் யாரையும் பாக்க மாட்டாவ, நீ கூசாத. வெயில் ஏறுததுக்கு முந்தி கடலுக்குப் போ. முழங்கால் அளவுதான் இருக்கும். கால் நகம்கூடத் தெரியும். சின்ன மீனு வந்து மோந்து பாக்கும், பயப்படாத."

அவள் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நீங்க எறங்கினியளா சித்தப்பா?" என்று கேட்டாள்.

வெளியே மாப்பிள்ளை ஹாரன் அடித்தார். சிவகாமியிடம்கூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"எறங்கினேன்" என்றேன்.